எங்கள் விடைத்தாள்களைப் படியுங்கள்: அரசியல் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அரசியல் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்து, அதைத் தமிழிலேயே எழுதும் பிள்ளைகளின் விடைத்தாள்களை நீங்கள் படித்துத் திருத்தித் தர வேண்டும். வாரம் ஒரு மாலை போதும். புத்தகம் எழுதச் சொல்லவில்லை, தனி வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் எழுதியதைப் படித்துவிட்டு, 'இந்த இடத்தில் உன் வாதம் நொண்டுகிறது', 'இதை அம்பேத்கர் எங்கே சொன்னார், காட்டு' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

நான் இதே பாடத்தைத் தமிழில் எழுதியவன். நேர்முகத் தேர்வு வரை போக முடியவில்லை. இப்போது மதுரையில் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து விடை எழுதும் பயிற்சியில் என்னால் ஆனதைச் செய்கிறேன். என்னால் ஆனது ஓர் எல்லை வரைக்கும்தான். ஒரு விடை சரியில்லை என்பது எனக்குத் தெரியும்; ஏன் சரியில்லை என்று விளக்க, பாடத்தை வாழ்நாளெல்லாம் படித்துக் கற்பித்தவர் வேண்டும். அவர்கள் நீங்கள்.

இந்தத் தேர்வைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதன்மைத் தேர்வின் எழுத்துத் தாள்களுக்கு மொத்தம் 1750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275. எழுத்தில் விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், தாளுக்கு 250 என்று 500 மதிப்பெண். 2013-க்கு முன்பு இரண்டு விருப்பப் பாடங்கள் இருந்தன. இப்போது ஒன்றே ஒன்று. பொது அறிவுத் தாள்களில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும்போது, பட்டியலில் பெயர் வருமா வராதா என்பதைப் பல நேரம் இந்த 500-தான் முடிவு செய்கிறது.

அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எடுக்கிறார்கள். 2015-இல் முதலிடம் பெற்ற டினா டாபி, 2022-இல் இஷிதா கிஷோர், 2024-இல் சக்தி துபே என மூவருக்கும் இதுதான் விருப்பப் பாடம். அரசமைப்பு, வெளியுறவு இரண்டும் பொது அறிவின் இரண்டாம் தாளுக்கும் உதவுகின்றன, கட்டுரைத் தாளுக்கும் கை கொடுக்கின்றன. கூட்டம் சேர்வதில் வியப்பில்லை.

இந்தக் கூட்டத்தில் தமிழில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. ஆனால் அவர்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979-இலிருந்தே இந்திய மொழிகளில் இந்தத் தேர்வை எழுதலாம். 2013 மார்ச்சில் இந்தத் தேர்வை நடத்தும் ஆணையம் (யு.பி.எஸ்.சி.) அந்த உரிமைக்குப் புதிதாக நிபந்தனை போட்டபோது நாடாளுமன்றத்தில் பெரிய அமளி நடந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களிலேயே நிபந்தனை கைவிடப்பட்டது. உரிமை அப்போது தப்பித்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தித் தமிழில் எழுதியவனுக்கு அதற்குப் பிறகு என்ன கிடைத்தது என்பதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகிறது என்ற குறை ஒரு பக்கம் இருக்கட்டும். அது ஆணையத்திடம் கேட்க வேண்டியது. உங்களால் ஆகக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒரு தாளில் 8 கேள்விகள், 5-க்கு விடை எழுத வேண்டும். முதல் கேள்வியும் ஐந்தாம் கேள்வியும் கட்டாயம். இரண்டிலும் 150 சொல்லில் எழுத வேண்டிய ஐந்தைந்து சிறு விடைகள். மற்ற மூன்று கேள்விகளும் 20, 15, 15 என்று உடைந்து வரும். கூட்டிப் பார்த்தால் 19 விடைகள், 180 நிமிடம். ஒரு விடைக்கு 10 நிமிடம்கூட முழுசாக இல்லை. கேள்வியை ஆங்கிலத்தில் படித்து, மனதில் தமிழாக்கி, என்ன கேட்கிறார்கள் என்று பிரித்து, எழுதி முடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கு இரண்டாவது வேலை கிடையாது.

இத்தனை அவசரத்தில் கை தானாக ஓட வேண்டுமென்றால் முன்கூட்டி எழுதி எழுதிப் பழகியிருக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது; யாராவது படித்துத் திருத்தியிருக்க வேண்டும். யாரும் படிக்காமல் நூறு விடை எழுதினால் ஒரே தவறை நூறு முறை பழகியதாகத்தான் அர்த்தம்.

தேர்வு முடிந்த பிறகாவது எங்கே தவறினோம் என்று தெரிகிறதா? அதுவும் இல்லை. தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் பொதுவாகச் சொன்னது. ஆனால் குடிமைப் பணித் தேர்வைப் பொறுத்தவரை மதிப்பெண் விவரங்களையோ விடைத்தாள்களையோ கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டியதில்லை என்று 2018 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கடைசியில் கைக்கு வருவது ஒரு எண். ராவ்ல்ஸின் நீதிக் கோட்பாட்டில் சறுக்கினோமா, கூட்டாட்சியில் சறுக்கினோமா, கையெழுத்தா, தமிழா? எதுவும் தெரியாது. அடுத்த ஆண்டும் அதே மாதிரி எழுதப் போக வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கு இந்த இருட்டைக் கொஞ்சமாவது விலக்கச் சந்தையில் ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணா நகரில் ஒரு தெரு நடந்தாலே மூன்று பயிற்சி மையங்களின் பலகை கண்ணில் படும். டெல்லி ராஜிந்தர் நகர் நோட்ஸ் இங்கே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக் கிடைக்கும். டெஸ்ட் சீரிஸ் என்று பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு விடைகளைத் திருத்தித் தருகிறார்கள். முதலிடம் பெற்றவர்களின் பயிற்சி விடைகள் டாப்பர் காப்பி என்ற பெயரில் பி.டி.எஃப்-ஆகச் சுற்றுகின்றன. அந்தத் திருத்தத்தின் தரம் வேறு கதை. ஆனாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. தமிழில் எழுதுபவன் அதே பணத்தைக் கட்டினாலும் அவன் தாளைத் திருத்த அங்கே ஆள் இல்லை. இருந்தாலும் அவர் பெரும்பாலும் சென்ற ஆண்டு தேர்வு எழுதித் தோற்றவர், என்னைப் போல.

எங்கள் வட்டத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். மேலூர்ப் பக்கத்துப் பெண். அடித்தள மக்களாட்சி, அதாவது ஊராட்சி முறை பற்றி ஒரு 20 மதிப்பெண் விடை எழுதி, பணம் கட்டிச் சேர்ந்திருந்த ஒரு மையத்துக்கு அனுப்பினாள். திரும்பி வந்த தாளை என்னிடம் காட்டினாள். விடை நன்றாகத்தான் தொடங்கியிருந்தது. 1957 பல்வந்த்ராய் மேத்தா குழு, 1978 அசோக் மேத்தா குழு, 1986 சிங்வி குழு, 73-ஆவது திருத்தம், 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறை, 11-ஆவது அட்டவணையில் 29 பொருள்கள். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அப்புறம் 'சாதி ஆதிக்கம் இதற்குத் தடையாக உள்ளது' என்று ஒரு வரி. அதற்கு எடுத்துக்காட்டாக பீகார் என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

மேலூருக்குப் பக்கத்தில்தான் மேலவளவு. தனித்தொகுதியான அந்த ஊராட்சியில் தேர்தலில் நின்று வென்ற தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மதுரை மாவட்டத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தனித்தொகுதியானதாலேயே 1996-இலிருந்து பத்தாண்டுகள் அங்கே முறையாக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. 2006-இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அரசமைப்புச் சட்டம் இட ஒதுக்கீடு கொடுக்கிறது, ஊர் அதை நடக்கவிடவில்லை. சட்டத்துக்கும் சமூக அதிகாரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு இதைவிட நெருக்கமான பாடம் எங்கே கிடைக்கும்? அவள் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். ஆனால் விடையில் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நோட்ஸில் பீகார் இருந்தது, பீகாரை எழுதினாள்.

திருத்தியவர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? பல்வந்த்ராய் மேத்தாவுக்கு ஒரு டிக். 29 பொருளுக்கு ஒரு டிக். ஓரத்தில் 'படம் சேர்க்கவும்', கடைசியில் 'நன்று, அறிஞர் மேற்கோள் தேவை'. 20-க்கு எட்டரை.

இதைத்தான் சொல்கிறேன். உங்களில் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் முதல் கேள்வியே 'நீ எந்த ஊரும்மா?' என்றுதான் இருந்திருக்கும்.

அறிஞர் மேற்கோள் என்பது எங்கள் தேர்வர் உலகத்தில் ஒரு நோயாகவே ஆகிவிட்டது. கூட்டாட்சி என்றதும் கே.சி. வேர் 'அரைக் கூட்டாட்சி' என்றார், கிரான்வில் ஆஸ்டின் 'கூட்டுறவுக் கூட்டாட்சி' என்றார், மாரிஸ் ஜோன்ஸ் 'பேரம் பேசும் கூட்டாட்சி' என்றார் என்று மூன்று பேரைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டுப் பரிமாறாமலே போய்விடுகிறார்கள். மூவரும் ஒரே அரசமைப்பைப் பார்த்து ஏன் மூன்று விதமாகச் சொன்னார்கள், எந்தக் காலத்து இந்தியாவைப் பார்த்துச் சொன்னார்கள், இன்று எது பொருந்தும் என்று ஒரு வரி இருக்காது. தமிழ்நாட்டுப் பிள்ளை எழுதும் கூட்டாட்சி விடையில் ராஜமன்னார் குழுவே இல்லாமல் போன தாள்களை நான் பார்த்திருக்கிறேன். மத்திய, மாநில உறவை ஆராய ஒரு மாநில அரசு 1969-இல் குழு அமைத்து, 1971-இல் அறிக்கை வாங்கி, 356-ஆவது உறுப்பையே நீக்க வேண்டும் என்ற பரிந்துரையைப் பெற்று, 1974-இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானமும் போட்டது. சர்க்காரியா ஆணையம் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1983-இல். 1976-இலும் 1991-இலும் இதே 356-ஐக் கொண்டு இங்கே ஆட்சி கலைக்கப்பட்டது. 1994-இல் பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தக் கத்தியின் கூர் மழுங்கியது. 2025-இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு. காவிரி வழக்கைச் சேர்த்தால் கூட்டாட்சியின் முக்கால்வாசிப் பாடத்தைத் தமிழ்நாட்டை மட்டும் வைத்தே நடத்திவிடலாம்.

சாதி அரசியலும் இதே கதைதான். சாதிச் சங்கங்கள் மக்களாட்சிக்குள் எப்படி வந்தன என்று எழுதும்போது எல்லோரும் அமெரிக்க அறிஞர்களான ருடால்ஃப் தம்பதியரை மேற்கோள் காட்டுவார்கள். அவர்கள் 1960-களில் அந்த வாதத்தைக் கட்டியதே நம் ஊர் நாடார், வன்னியர் சங்கங்களை வைத்துத்தான் என்பது மேற்கோள் காட்டும் பிள்ளைக்குத் தெரியாது. ஆய்வு இங்கே தொடங்கி, அமெரிக்காவில் நூலாகி, டெல்லியில் நோட்ஸாகி, ஜெராக்ஸாகத் திரும்பி வரும்போது ஊர்ப் பெயர் உதிர்ந்துவிடுகிறது.

பாடத்திட்டத்தின் இந்தியச் சிந்தனையாளர் வரிசையில் தர்மசாஸ்திரமும் அர்த்தசாஸ்திரமும் பௌத்த மரபும் உண்டு. சர் சையத் அகமது கான், அரவிந்தர், காந்தி, அம்பேத்கர், எம்.என். ராய் உண்டு. பெரியார் இல்லை. திருக்குறள் பொருட்பாலும் இல்லை. இதை நினைத்துப் பொருமலாம், பொருமிக்கொண்டேதான் படிக்கிறோம். ஆனால் சமூக இயக்கங்கள் என்ற தலைப்பும், சாதியும் அரசியலும் என்ற தலைப்பும் அங்கே இருக்கின்றன. 1951-இன் முதல் அரசமைப்புத் திருத்தத்துக்குக் காரணமான வழக்குகளில் ஒன்று செண்பகம் துரைராஜன் வழக்கு. அது சென்னை மாகாணத்து வகுப்புவாரி அரசாணையில் தொடங்கியது. அந்த வாசல்கள் வழியாகச் சுயமரியாதை இயக்கத்தை எப்படிக் கொண்டுவருவது, எந்த அளவில் நிறுத்துவது என்று சொல்லித்தர ஆசிரியர் வேண்டும். இல்லையென்றால் ஒன்று அறவே எழுதாமல் விடுகிறார்கள், இல்லை மேடைப் பேச்சாக எழுதிவிட்டு வருகிறார்கள்.

மேடைப் பேச்சு என்றதும் இலங்கை நினைவுக்கு வருகிறது. இரண்டாம் தாளில் இந்தியாவும் தெற்காசியாவும் என்ற பகுதியில் இனச் சிக்கல்கள் வருகின்றன. ராமநாதபுரத்துப் பையன்கள் இதை எழுதினால் தாள் சூடாக இருக்கும். கச்சத்தீவு தெரியும், மீனவர் கைது தெரியும், 1983 கலவரம் தெரியும். ஆனால் 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி உடன்பாடு மலையகத் தமிழரை எப்படிப் பங்கு போட்டது, 1974, 1976 கடல் எல்லை உடன்பாடுகளில் டெல்லியின் கணக்கு என்னவாக இருந்தது, 1987 ஒப்பந்தத்திலிருந்து பிறந்த இலங்கை அரசமைப்பின் 13-ஆவது திருத்தம் இன்றும் ஏன் பேச்சாகவே நிற்கிறது என்று ஓர் அரசின் பார்வையில் நின்று எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள். உள்ளூர் அறிவு அப்படியே விடை ஆகிவிடாது. உணர்ச்சியை அடக்காமல் அதை வாதமாக மாற்றுவது ஒரு கைப்பழக்கம். பன்னாட்டு உறவுகள் கற்பிக்கும் ஒருவர் நாலு தாளைத் திருத்தினால் அந்தப் பையன் ஐந்தாவது தாளில் பிடித்துக்கொள்வான்.

கோட்பாட்டுப் பகுதியில் உங்கள் தேவை இன்னும் அதிகம். ராவ்ல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிள்ளைகள் அவர் எல்லோருக்கும் எல்லாம் சமமாக வேண்டும் என்றார் என்று எழுதுகிறார்கள். ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது கடைசியில் நிற்பவனுக்கு அதிகப் பயன் தருவதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. இது விடுபட்டால் விடையே விடுபட்டது. அப்புறம் மனிதனை அவன் சமூகத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிற சமூகவாதிகளின் (communitarians) விமர்சனம் என்று சாண்டல், வால்சர், மேக்கின்டயர், டெய்லர் என நான்கு பெயர் வரும். சாண்டலின் சிக்கல் என்ன? ராவ்ல்ஸ் கற்பனை செய்த அறியாமைத் திரைக்குப் பின்னால், தான் யார் என்றே தெரியாமல் நிற்கும் அந்த மனிதனுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, மொழி இல்லை. அப்படி எதுவுமே இல்லாத ஒருவன் எதை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதுதான். இதை ஒருமுறை நேரில் உட்கார்ந்து, அவன் எழுதிய வரியைக் காட்டிச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். நோட்ஸைப் பத்து முறை புரட்டினாலும் புரியாது.

தமிழில் படிக்க எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பொய். பிளாட்டோவை வெ. சாமிநாத சர்மா தமிழுக்குக் கொண்டுவந்து எத்தனையோ காலமாயிற்று. பாடத்திட்டத்தில் இல்லாத ரூசோவையும் அவர் விட்டுவைக்கவில்லை. மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய அறிக்கை 1931-இலேயே பெரியாரின் குடி அரசு இதழில் வந்தது. அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரை அச்சான கையோடு அதே குடி அரசில் தமிழில் தொடராக வந்தது. அர்த்தசாஸ்திரத்துக்குக் கதிரேசச் செட்டியாரின் மொழிபெயர்ப்பு உண்டு. கிராம்ஷியை எஸ்.வி. ராஜதுரையும் வ. கீதாவும் எழுதியிருக்கிறார்கள். பள்ளி மேல்நிலைப் பாடநூலும் அரசியல் அறிவியலுக்குத் தமிழில் ஒழுங்காகவே வந்திருக்கிறது. தொடக்க நிலைக்கு நாங்கள் அதைத்தான் கொடுக்கிறோம்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பத்திரிகையாளர், இயக்கத் தலைவர், தமிழ்ப் பண்டிதர், சிறுபத்திரிகை எழுத்தாளர்கள். உங்கள் துறைகளிலிருந்து வந்தவர் யார்? அரசியல் சிந்தனை தமிழில் இல்லாமல் போகவில்லை; அது துறைகளுக்கு வெளியே நடந்தது. 1960-களிலும் 70-களிலும் கல்லூரிகளில் தமிழ்வழி வந்தபோது உங்கள் முன்னோடிகள் சிலர் அரசு வெளியீடாக நல்ல பாடநூல்கள் எழுதினார்கள். அவற்றை இன்றும் எடுத்துப் படிக்கிறோம். அரசியல் கோட்பாட்டுக்கு அவை பயன்படுகின்றன. பன்னாட்டு அரசியலுக்குத் திறந்தால் அங்கே சோவியத் ஒன்றியம் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் புதுப் பாடநூல் கேட்கவில்லை. குழு போட்டு, கூட்டம் போட்டு, அச்சாகி வருவதற்குள் இப்போது படிப்பவர்களுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். விடைத்தாளைத் திருத்த எந்தக் குழுவும் வேண்டாம்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் ஓரளவு தெரியும். சில பேராசிரியர்களிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

'இது கோச்சிங் வேலை, எங்கள் வேலை ஆய்வும் கற்பித்தலும்' என்றார் ஒருவர். ஐயா, உங்கள் பாடம் இன்று உங்கள் வகுப்பறையில் இருப்பதைவிடப் பயிற்சி மையங்களில்தான் அதிகமாகப் படிக்கப்படுகிறது. பொறியியல் படித்தவன், கால்நடை மருத்துவம் படித்தவள் எல்லோரும் ஹன்னா அரெண்டைத் தானாகத் தேடிப் படிக்கிறார்கள். பல கல்லூரிகளில் உங்கள் துறைக்கு ஆள் சேரவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். பட்டமும் கேட்காமல், மதிப்பெண்ணும் கேட்காமல், உங்கள் பாடத்தை இரவு பகலாகப் படிக்கிற ஒரு கூட்டம் வாசலில் நிற்கிறது.

'பருவத் தேர்வுத் தாளே கட்டுக் கட்டாகக் கிடக்கிறது' என்றார் இன்னொருவர். உண்மைதான். அதனால்தான் வாரத்துக்கு ஒரு மாலை என்று கேட்கிறேன். அதிலும் ஆண்டு முழுவதும் வேண்டாம். 2025-இல் முதல்நிலைத் தேர்வு மே 25, முதன்மைத் தேர்வு தொடங்கியது ஆகஸ்ட் 22. நடுவில் மூன்று மாதம்கூட இல்லை. முதல்நிலை தேறியவர்கள் தவித்துப்போவது அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான். ஓர் ஊரில் தமிழில் இந்தப் பாடத்தை எழுதுபவர்கள் அப்போது நாலைந்து பேர் இருந்தால் அதிகம். ஆளுக்கு இரண்டு விடை என்றாலும் பத்துத் தாள்.

கௌரவ விரிவுரையாளர்களாக இருப்பவர்களிடம் இலவசமாகச் செய்யுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. நீங்கள் வாங்கும் சம்பளம் எல்லோருக்கும் தெரியும். நான் முதல்வன் திட்டத்தில் முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாயும், முதல்நிலை தேறியவர்களுக்கு 25,000 ரூபாயும் மாநில அரசு கொடுக்கிறது. நல்ல திட்டம், எங்கள் பிள்ளைகள் பலர் அதில்தான் புத்தகம் வாங்குகிறார்கள், அறை வாடகை கட்டுகிறார்கள். அந்தத் திட்டத்திலேயே தமிழில் விருப்பப் பாடம் எழுதுபவர்களின் தாளைத் திருத்தும் ஆசிரியருக்குத் தாளுக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பூதியம் சேர்க்கச் சொல்லி நாங்கள் மனு கொடுக்கத் தயார். உங்கள் ஆசிரியர் சங்கங்களும் ஒரு வரி சேர்த்து எழுதினால் மனுவுக்குக் கனம் கூடும். அதுவரை மூத்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் தொடங்கிவைக்கலாம். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் திருநெல்வேலியில் இரண்டு பேருக்கு இப்படித் தன் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் போனவர்கள் அவர் திட்டியதையெல்லாம் இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவதாக ஒருவர் சொன்னதுதான் கொஞ்சம் வலித்தது. 'தமிழில் எழுதினால் மதிப்பெண் வராதுப்பா, ஆங்கிலத்துக்கு மாறச் சொல்.' நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மாற முடிந்தவர்கள் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழில் படித்தவளுக்கு 22 வயதில் சிந்திக்கும் மொழியை மாற்றிக்கொள் என்பது அறிவுரை ஆகாது. தமிழில் மதிப்பெண் குறைகிறது என்பது உண்மையாகவே இருந்தாலும், அது மொழியால் குறைகிறதா, திருத்த ஆள் இல்லாமல் பக்குவப்படாத விடையால் குறைகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நீங்கள் இரண்டு ஆண்டு திருத்திக் கொடுங்கள். அதன் பிறகும் குறைந்தால் மொழியைப் பற்றி ஆணையத்திடம் போய்ப் பேசுவோம். அப்போது கையில் ஆதாரமும் இருக்கும்.

திருத்தும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் பிள்ளைகள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். டிக் வேண்டாம் என்கிறார்கள். மதிப்பெண்கூடப் போட வேண்டாம். கேள்வி எதைக் கேட்டது, விடை எதைச் சொன்னது என்று முதலில் பாருங்கள். 'ஆராய்க' என்ற கேள்விக்கு 'விளக்குக' விடை எழுதுவதுதான் எங்கள் பொது வியாதி. பெயரைத் தூவியிருந்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டு, வாதம் நிற்கிறதா என்று பாருங்கள். கலைச்சொல்லில் குழப்பம் வந்தால் பயப்பட வேண்டாம். இந்திய மொழியில் எழுதுபவர் கலைச்சொல்லுக்கு மட்டும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தைத் தரலாம் என்று ஆணையமே அனுமதிக்கிறது. இந்தச் சின்ன விதி தெரியாமல் எத்தனையோ பேர் புதுப்புதுச் சொல்லாக்கம் செய்து திருத்துபவரைத் திகைக்க வைக்கிறார்கள். வாக்கியம் நீளமாகப் போய் எழுவாய் தொலைந்திருந்தால் அதையும் தயவு தாட்சண்யம் இல்லாமல் காட்டுங்கள்.

செய்முறை எளிது. முதல்நிலை முடிவு வந்ததும் உங்கள் துறைக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: கிழமை, நேரம், அறை எண். உங்கள் மாணவர் யாராவது அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் தேர்வர்களுக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த வேலையை எங்களிடம் விடுங்கள். கல்லூரிக்குள் வெளியாட்கள் வர அனுமதி சிக்கல் என்றால் மாவட்ட மைய நூலகத்திலோ, மதுரையில் என்றால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ வைத்துக்கொள்ளலாம். விடைகளை ஜெராக்ஸ் எடுத்து, பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு, இரண்டு நாள் முன்பே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம். படிக்க முடியாத கையெழுத்து என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், மறுபடி எழுதித் தருவார்கள். டீ எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
அரசியல் அறிவியலைத் தமிழில் எழுதும் தேர்வர்களுக்காக,
மதுரையிலிருந்து ஒரு முன்னாள் தேர்வர்